கிளட்ச் கட்டை

பிப்ரவரி 9, திங்கள்

டயர் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. பீரோ மேல் சும்மா கிடந்தது. "வண்டிக்கு என்னென்ன வேல பாத்தோம்னு அதுல எழுதி வையி புள்ள. நாளப்பின்ன நான் ஸ்டியரிங்ல உக்காரும்போது எனக்கு வெவரம் தெரியணும்ல" என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் என் வீட்டுக்காரர் தவசி. சுகர் ஏறிக் கண் மங்கிப்போய், தீபாவளியிலிருந்து அவர் வண்டி ஓட்டவில்லை. கம்பத்திலிருந்து தேனி மார்க்கெட்டுக்குத் திராட்சைப் பெட்டி ஏற்றிப்போகிற வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். எங்கப்பா தோட்டத்து டிராக்டரில் பழகிய கை. லைசென்சும் இருக்கிறது, யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

என் பேர் போதுமணி. நாலாவதும் பொட்டையாகப் பிறந்ததில் எங்கப்பனுக்கு வந்த கோபம் அது.

வண்டி பதினெட்டு வயசு பிக்கப். கம்பெனிக்காரன் பார்த்தால் தன் பிள்ளை என்று ஒத்துக்கொள்ள மாட்டான். அத்தனை வேலை செய்து வைத்திருக்கிறார் எங்கள் வீட்டு இன்ஜினியர். இடது கதவுக்கு வீட்டுத் தாழ்ப்பாள். வைப்பருக்குத் தண்ணீர் அடிக்க ஷாம்பு பாட்டில். முன்னால் எருமையே மோதினாலும் எருமைக்குத்தான் நஷ்டம் என்கிற மாதிரி இரும்புப் பம்பர். உள்ளே நீல லைட்டு, குட்டி ஃபேன். எல்லாவற்றுக்கும் மேலே, அமுக்கினால் ஐந்து வகையாகப் பாடுகிற ஹாரன்.

மார்ச் 25 அன்று எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓட லாயக்கு என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடவேண்டும். போடவில்லையென்றால் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தன் தம்பி மொக்கராசுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் இவர். என்னைக் கேட்காமல். மொக்கராசு இரும்பு விலைக்குத்தான் எடுப்பான்.

இந்த டைரியில் ஒரு வசதி. எழுதச் சொன்னவரால் படிக்க முடியாது. ஆகையால் முதல் குறிப்பு: இந்த மனுஷன் ஒரு இம்சை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கிளட்ச் எட்டவில்லை. தீபாவளியிலிருந்து இதே கதைதான், இன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் ஆறடி. கால் நீட்ட இடம் வேண்டும் என்று, சீட்டு நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்த அன்றைக்கே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தரையில் புதுசாக ஓட்டை போட்டுச் சீட்டைப் பின்னால் தள்ளி முடுக்கியிருக்கிறார். நான் அவர் தோளுக்குக் கீழே. முதுகுக்கு ரெண்டு தலையணை வைத்தும் கிளட்சை மிதிக்கும்போது பாதி படுத்துக்கொள்கிறேன். ரோட்டில் போகிறவர்களுக்கு வண்டி தானாக ஓடுவது மாதிரி தெரிந்திருக்கும். அனுமந்தன்பட்டியில் ஒருத்தர் கும்பிட்டார்.

தச்சுப்பட்டறையில் ஒரு துண்டு வேங்கைக் கட்டை கேட்டு வாங்கி, சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கிளட்ச் மிதியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அருமையாக எட்டுகிறது.

சாயங்காலம் இவர் வண்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"என்ன புள்ள கட்ட இது?"

"நீங்க வர்ற வரைக்கும்தான் மாமா. வந்ததும் கழட்டிரலாம்."

"ம்" என்றார். ரொம்ப நேரம் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 19, வியாழன்

சின்னமனூர் தாண்டி டீசல் டேங்க் ஒழுகியது. ஃபோன் போட்டேன்.

"பதறாத. ஒரு சோப்பு வாங்கு. நல்லாப் பெசஞ்சு ஓட்டையில அப்பு. வீடு வந்து சேந்துரும்."

வாங்கி அப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கரைந்து கழன்றுவிட்டது. மறுபடி ஃபோன்.

"என்ன சோப்பு வாங்குன?"

"நம்ம குளிக்கிறதுதான். மல்லிகைப்பூ வாசம்."

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏன்டி, டேங்குக்கு என்ன சடங்கா சுத்துற? துணி தொவைக்கிற பார் சோப்பு வாங்குடி!"

முதலிலேயே அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். துணி சோப்பு பிடித்துக்கொண்டது. திராட்சை தப்பித்தது. என்மேல் டீசலும் மல்லிகையும் சேர்ந்து அடித்ததில், மார்க்கெட்டில் எவனும் பக்கத்தில் நின்று பேரம் பேசவில்லை. நல்லதுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

ரேடியேட்டர் கசிவு. மஞ்சள் தூள் போடச் சொன்னார், போட்டேன். அடைத்துக்கொண்டது. இனி பருப்பும் புளியும் ஊற்றினால் சாம்பாராகிவிடும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி. பிக்கப்பை நிறுத்த இடமில்லை. அவரை வாசலில் இறக்கிவிட்டு நான் நாலு தெரு தள்ளி, இடம் காலியாகும் வரை வண்டியிலேயே காத்திருந்து நிறுத்திவிட்டு மத்தியானம் வருவதற்குள், டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருப்பார் போல, சட்டை முழங்கையெல்லாம் சுண்ணாம்பு.

"என்ன சொன்னாங்க?"

"கண்ணுக்குள்ள ஊசி போட்ருக்காக. ரெண்டு மாசத்துல வண்டி ஓட்டலாம்னுட்டாரு டாக்டரு."

"அப்புறமென்ன, ஜோரு" என்றேன்.

உசிலம்பட்டி வரைக்கும் என் கியரை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. வழக்கமாக மூணாவது போடும்போதே "பல்லு தேயிது, பல்லு தேயிது" என்று உயிரை எடுப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், கண் திறந்துதான் இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கிளம்புமுன் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்தேன்.

"லைட்டு எரியுதா மாமா?"

"ஜம்முன்னு எரியிது. நீ கெளம்பு."

வீரபாண்டியில் போலீஸ் கை காட்டியது. எஸ்.ஐ. சின்னப் பையன், என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். ரெண்டு பக்கமும் பிரேக் லைட் எரியவில்லை என்று அபராதம் போட்டான். "இப்பத்தான் பாத்துட்டு வந்தேன் தம்பி" என்று சத்தம் போட்டேன். "யாரு பாத்தா?" என்றான். நான் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வழியில் ஃபியூஸ் போயிருக்கும்.

திரும்பும்போது சிக்கந்தர் பாய் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். இந்த வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். வயரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எலி கடிச்சது தங்கச்சி. கடிச்சு ரொம்ப நாளாச்சு, பச்சை பூத்துருக்கு பாரு" என்றார். "இன்னைக்குக் காலைல எரிஞ்சுச்சு பாய்" என்றேன். "எப்பிடி எரியும்?" என்றார்.

பாய்க்கு வாய் ஜாஸ்தி.

மார்ச் 4, புதன்

புது வயர் போட்டாச்சு. இனிமேல் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் நானே பார்த்துக்கொள்வேன். யாரையும் பின்னால் நிற்கவைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்

ஹாரன் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

காரணம்: உத்தமபாளையத்தில் ஒரு சாவு ஊர்வலம். ஒதுங்கி நின்று அனுப்பிவிடலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தேன். முழங்கை பட்டுவிட்டது. ஐந்து வகையில் எது கல்யாண மேளம் மாதிரி இருக்குமோ அது பாடியது. நிறுத்தவும் முடியவில்லை, பட்டன் சிக்கிக்கொண்டது. பாடையைத் தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்தவரே எழுந்து வந்து திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. இறங்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதல் வேலையாக வயரைப் பிடுங்கி, சாதா ஹாரன் ஒன்று வாங்கி மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தடவை அடித்தேன். "பீப்" என்றது. இவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"நம்ம வண்டியா அது?"

"ஆமா."

"ஹாரனு என்னாச்சு?"

"என்னமோ ஃபியூசு போச்சாம்."

"ஃபியூசா?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து மொக்கராசு வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைக் காலால் உதைத்தான். "மதினி, எஃப்.சி.யெல்லாம் இதுக்குக் கெடைக்காது. அண்ணனுக்கும் இனிமே கண்ணு வராதுன்னு ஊரே சொல்லுது. நீங்க எதுக்குக் கெடந்து இந்த ஓட்ட வண்டியோட மல்லாடுறீக?"

"ஊர்ல எல்லாரும் எப்பய்யா கண் டாக்டருக்குப் படிச்சாக? உன் காலை எடு டயர்லேருந்து."

எடுத்தான். சத்தமாகத்தான் பேசினேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டிருக்காது.

மார்ச் 14, சனி

சேலையோடு ஏறி இறங்க வசதியாக ஓட்டுநர் பக்கம் ஒரு படி வைத்துக் கொடுத்தார் பாய். அப்படியே கிளட்ச் கட்டையைப் பார்த்துவிட்டு, "இதையும் இரும்புல செஞ்சு வெல்டு வச்சு விட்ரவா தங்கச்சி? கட்ட நழுவுனா ஆபத்து" என்றார்.

"வேணாம் பாய். அவர் வந்ததும் கழட்டணும்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு என்னமோ கோபம் வந்தது. டீ சொல்லியிருந்தார், குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைக்குக் குமுளிக்கு லோடு. மலை ஏறினேன். லோடோடு ஏறுவது இதுதான் முதல் தடவை. வளைவில் ரெண்டாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டு ஏறும்போது, எதிரே வந்த கேரளா பஸ்காரன் ஒதுங்கி வழிவிட்டுக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். காற்று சிலுசிலு என்று இருந்தது. சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட்டே வராது.

அவர் கண் சரியாகி வரணும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். இன்றைக்கு மலை இறங்கும்போது, அவர் வந்துவிட்டால் நான் மறுபடி அடுப்படிதானே என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான், இல்லை என்று எழுதினால் பொய். சனியன் பிடித்த புத்தி.

வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

மார்ச் 21, சனி

எஃப்.சி.க்கு வண்டியை அம்மணமாக்கும் படலம். எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படிக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காட்டிவிட்டு வந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பாய் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க, இவர் கையால் தடவித் தடவி ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். பம்பர், நீல லைட்டு, ஃபேன், ஷாம்பு பாட்டில், தாழ்ப்பாள் எல்லாம் சாக்குக்குள் போயின. ஐந்து பாட்டு ஹாரனை எடுத்ததும் வயரின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஃபியூசு ரொம்பக் கோவமாப் போயிருக்கு போல" என்றார். பாய் இருமினார். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

டயர் நாலும் வாடகை டயர். பாய் தனியாக வைத்திருக்கிறார், எஃப்.சி. டயர் என்றே பேர். எங்கள் ஊரில் இருக்கிற அத்தனை ஓட்டை வண்டிக்கும் அந்த நாலு டயர்தான் மாப்பிள்ளை சட்டை. பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை பாய் விடிந்ததும் வண்டியை எஃப்.சி. பார்க்கிற மைதானத்தில் வரிசையில் போட்டுவிட்டு, சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அன்று சொந்தத்தில் கல்யாணம். நாங்கள் பஸ்ஸில் போகவேண்டியது. எல்லாம் கச்சிதம்.

மார்ச் 25, புதன்

கச்சிதமாம் கச்சிதம்.

வரிசையில் எங்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் மீசையும் தொப்பியுமாக, வெயிலில் வெந்துபோய் எரிச்சலாக வந்தார். டயரைப் பார்த்தார். "இத நான் போன வாரமும் பாத்தேனே."

"ஒரே மாதிரி விக்கிறாங்க சார்" என்றேன்.

"ம்ம். ஓட்டிக் காட்டு. அந்தக் கோடு வரைக்கும் போயி பிரேக் அடிக்கணும்."

ஏறி உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். கிளட்ச் எங்கேயோ இருந்தது.

கம்பெனியில் வந்த மாதிரி ஆக்குகிறேன் என்று, பாய் கிளட்ச் மிதியையும் மொட்டையாக்கிவிட்டார், சீட்டு மட்டும் இவர் பின்னால் தள்ளி முடுக்கிய இடத்திலேயே இருந்தது. கட்டையும் தலையணையும் சாக்கில். சாக்கு ஒர்க்‌ஷாப்பில். ஒர்க்‌ஷாப் பூட்டு. கம்பெனி வண்டியில் இல்லாததையெல்லாம் எடுத்தோம், வண்டியை ஓட்டுகிறவளுக்குக் கால் எவ்வளவு என்று மூணு பேரில் ஒருத்தருக்கும் நினைப்பில்லை. எனக்கே இல்லை!

பெருவிரலை நீட்டினால் கிளட்ச் தொடுகிறது, அமுங்கவில்லை. நுனிச் சீட்டில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பிடிப்பில்லை. "என்னம்மா, ஓட்டத் தெரியுமா தெரியாதா? டிரைவர் யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஒருத்தன் சிரிக்கிறான். இங்கேயே எல்லாம் முடிந்தது, மொக்கராசு வந்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று நான் சொல்லவேயில்லை. சீட்டு கிறீச்சிட்டதிலேயே தெரிந்திருக்கும். தோளில் கிடந்த துண்டை உருட்டி என் முதுகுக்குப் பின்னால் திணித்தார். கையிலிருந்த சாப்பாட்டுப் பையையும் திணித்தார். பிறகு குனிந்து, காலில் கிடந்த டயர் செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தார். இந்த வண்டியின் பழைய டயரிலேயே அறுத்துத் தைத்த செருப்பு அது, செங்கல் கனம்.

"போட்டுக்க."

"மாமா, உங்க செருப்ப நானா..."

"பேசாமப் போடு புள்ள. அமுங்கும்."

போட்டுக்கொண்டேன். என் ரெண்டு காலும் ஒரே செருப்புக்குள் போய்விடும் அளவு. வாரை இறுக்கி மிதித்தேன். அமுங்கியது.

"ஆளு இருந்தா எறங்கணும். வண்டிய மட்டும்தான் பாக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். இவர் வெறுங்காலோடு இறங்கினார். மதிய வெயிலில் ஜல்லி கொதித்தது. ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து, மறு காலைத் தூக்கி இந்தக் காலை வைத்து நின்றார்.

கோடு வரைக்கும் போனேன். நின்றேன். பின்னால் வந்தேன். குலுங்கவில்லை, அணையவில்லை. "பிரேக்க அமுக்கிட்டே இரு" என்று இன்ஸ்பெக்டர் கத்திவிட்டு, ஏதோ ஃபோன் வந்து அதில் பேசிக்கொண்டே, பின்னால் நின்ற இவரைப் பார்த்து, "யோவ் பெரியவரே, லைட்டு எரியுதா?" என்றார்.

கண்ணாடியில் இவர் தெரிந்தார். எரிகிறது என்று சொன்னால் போதும். கட்டையைக் கழற்றுமுன்னே ஒர்க்‌ஷாப் சுவரில் நானே பார்த்துவிட்டேன். சொல்லித் தொலையேன் மனுஷா, ஜம்முன்னு எரியிதுன்னு சொல்லேன்!

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார். "எனக்குக் கண்ணு தெரியாது. இனிமே வரவும் வராது. வண்டிக்கு டிரைவரு எம் பொண்டாட்டிதான். லைட்ட நீங்க பாத்துக்கங்க."

இன்ஸ்பெக்டர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். தானே வந்து பின்னால் நின்று பார்த்தார். "எரியுதும்மா. விட்ரு" என்றார். நான் விடவில்லை. அழுதுகொண்டிருந்தேன். ஒரு மாதமாக என்னிடம் ரெண்டு மாசம், ரெண்டு மாசம் என்று பொய் சொன்ன ஏமாற்றுக்காரர், முன்பின் தெரியாத காக்கிச் சட்டையிடம் உண்மையைச் சொல்கிறார். அதுவும் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

கையெழுத்துக் கிடைத்தது.

திரும்பும்போதும் அவர் செருப்போடுதான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கங்கன்னாரு. வண்டிய மறந்துரச் சொன்னாரு."

"எனக்குத் தெரியும்."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். லைட்டுப் பாக்க என்னையக் கூப்புடுறத நிறுத்திட்டேல்ல."

கொஞ்சம் கழித்து, "மூணாவதுல பல்லு தேயிது" என்றார்.

மார்ச் 28, சனி

சாக்கைத் திரும்பப் பிரிக்கிற நாள். மார்க்கெட்டில் கணக்கு முடிக்கப் போன நான் தாமதமாகத்தான் ஒர்க்‌ஷாப் போனேன். அதற்குள் ரெண்டு பேருமாக வேலையை முடித்துவிட்டார்கள்.

ஏறி உட்கார்ந்தேன். சீட்டு முன்னால் வந்திருந்தது. குனிந்து பார்த்தேன். சீட்டின் நாலு காலையும் தரையோடு வைத்து வெல்டு அடித்திருந்தது. கிளட்சில் கட்டை இல்லை. அதே அளவுக்கு ஓர் இரும்புக் கட்டி, மேலே வழுக்காமலிருக்க டயர் ரப்பர். மிதியோடு சேர்த்துப் பற்றவைத்து அரத்தால் ராவி மழமழ என்று இருந்தது.

"யாரு செய்யச் சொன்னது?"

"இனி நானே ஆசப்பட்டாலும் முட்டிக்கால் உள்ள நொழையாது" என்றார் இவர், இடது பக்கச் சீட்டில் ஜம்பமாக உட்கார்ந்துகொண்டு. அவருடைய குட்டி ஃபேன் அங்கே போய்விட்டது. அவர் முகத்துக்கு மட்டும் காற்று வருகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார். தாழ்ப்பாளும் வந்துவிட்டது.

"பாய், இதுக்கெல்லாம் நீங்களும் கூட்டா?"

"அளவுக்கு உங்க மரக்கட்டைய அவரே கையில புடிச்சுக்கிட்டு நின்னாரு தங்கச்சி. நான் என்ன சொல்ல முடியும்?" என்றார் பாய். டீ வந்தது. இந்தத் தடவை குடித்தேன்.

வண்டியை எடுத்தேன். கால் சரியாக உட்கார்ந்தது. கம்பெனிக்காரன் எனக்காகவே செய்து அனுப்பினது மாதிரி இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, இனி கழற்ற முடியாதே என்றும் இருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் இவர் பக்கமிருந்து கல்யாண மேளம் கிளம்பியது. நான் பதறி பிரேக் அடித்துவிட்டேன். இடது பக்கம், அவர் விரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பட்டன். ஐந்து பாட்டு ஹாரன்!

"ஸ்டியரிங் ஒனக்கு. ஹாரனு எனக்கு" என்றார்.

"எதுக்க என்ன வருதுன்னே தெரியாம எப்பிடி மாமா அடிப்பீக?"

"காது இருக்குல்ல."

காது இருக்கிற லட்சணம். சுருளிப்பட்டி விலக்கில் எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், வெறும் ரோடு. ஐந்து பாட்டையும் வரிசையாக அடித்தார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீடு வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தார். நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.